உள்பூச்சு

எங்கள் வீட்டு ஜாடிக்கு உள்ளே பூச்சு கிடையாது. நான்கு தலைமுறையாக அதுதான் முறை. வெளிப்புறம் கிளிப்பச்சை நிறத்தில் கண்ணாடி போல மின்னும். உள்ளே கையை விட்டால் சுட்ட மண்ணின் சொரசொரப்புதான் தட்டுப்படும். குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி, ஜாடி சூடாக இருக்கும்போதே உள்ளே தேய்த்துவிடுவோம். அவ்வளவுதான். ஏன் உள்ளேயும் பூசவில்லை என்று யாராவது கேட்டால் என் அத்தா, "அது அப்படித்தேன்" என்பார். வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் போ என்பதுபோல முதுகைத் திருப்பிக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

திண்டுக்கல் பேகம்பூரில் ஜாடிக்கார ராவுத்தர் வீடு என்றால் யாரும் வழி காட்டுவார்கள். என் பெயர் அப்துல் வாஹித். சக்கரத்தில் மண்ணை ஏற்றி ஜாடி எடுப்பவர் நல்லுசாமி வேளார். அவருடைய தகப்பனார் என் அத்தாவுக்கு எடுத்துக் கொடுத்தார். மண் அவர்களுடையது, பூச்சு எங்களுடையது. பூச்சு கரைக்கும் அறைக்குள் வேளார் வீட்டாரும் வரமாட்டார்கள், எங்கள் வீட்டுப் பெண்களும் வரமாட்டார்கள். என்ன சேர்க்கிறோம், எத்தனை பங்கு சேர்க்கிறோம் என்பதைத் தகப்பன் சாகும் முன் மகனுக்குச் சொல்வான். நானும் அத்தாவின் கையைப் பிடித்து, வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அதை வாங்கினேன்.

அந்தக் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி நான்கு வருடம் அத்தாவின் இரண்டு மணிக்கட்டும் மடிந்து தொங்கின. சலாம் சொல்லக் கையைத் தூக்கினால் விரல்கள் தரையைப் பார்க்கும். வாதம் என்று ஊருக்குச் சொன்னோம். ஈறில் பல்லை ஒட்டிக் கருநீலமாக ஒரு கோடு இருந்தது. வெற்றிலைக் கறை என்றோம். வாக்கு வாங்கிய அன்று அவர் இன்னொன்றும் சொன்னார்: "உள்ள மட்டும் பூசிராத." ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தகப்பனிடம் ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

1956-இல் என் ஒரே மகள் கமர்ஜஹானை வத்தலக்குண்டில் பேசி முடித்தோம். மாப்பிள்ளை அப்பாஸ் சாதுவான பையன். அவன் தகப்பனார் பீர் முகமது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். நிச்சயத்தன்று எங்கள் கூடத்தில் இரண்டு ஊர் ஜமாஅத்தாரும் உட்கார்ந்திருக்க, மூலையில் நின்ற ஜாடியைப் பார்த்து அவர் சிரித்தார்.

"சம்மந்தி, ஜாடி என்னமோ புதுப்பொண்ணு கணக்கா மின்னுது. ஆனா ரெண்டு வருசத்துல அடியில எண்ணெ கசியுதே! எங்க வீட்ல ஒண்ணு கெடந்துச்சு. கைப்புள்ளைக்குப் போடுற மாதிரி அதுக்கு அடியில துணி போட்டு, தெனம் அந்தத் துணிய அலசுறதுதேன் எங்கம்மாவுக்கு வேலை."

கூடம் முழுக்கச் சிரித்தது. என் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள்.

"வடக்கேருந்து ரயில்ல வருதே வெள்ளை ஜாடி, அதுல உள்ளயும் பூச்சு இருக்குல்ல. சொட்டு வெளிய வராது. கோவிச்சுக்கிராதீங்க, வெளாட்டுக்குச் சொல்றேன்."

"என் மக கொண்டு வர்ற ஜாடி ஒழுகாது" என்றேன்.

"ஒழுகுனா?"

"ஒழுகாதுன்னு சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சீராக ஏழு ஜாடி கொடுப்பது வழக்கம். ஏழிலும் சிறுமலை எலுமிச்சையை ஊறுகாய் போட்டு நிரப்பிக் கொடுப்போம். பெண் அந்த வீட்டில் வாழும்வரை பெண்வீட்டார் அந்த ஜாடிகளைத் தொடக் கூடாது. ஒன்றைத் திரும்பக் கேட்டாலும் சம்பந்தத்தை முறித்துக்கொண்டதாகவே இரண்டு ஜமாஅத்தும் எடுத்துக்கொள்ளும். என் பாட்டனார் காலத்தில் அப்படி ஒரு வாழ்வு முறிந்திருக்கிறது.

அடுத்த மாதம் நல்லுசாமி ஏழு ஜாடிகளையும் கொண்டுவந்து இறக்கினார். ஒருமுறை சுட்டெடுத்தவை. விரலால் சுண்டினால் மணி போலக் கேட்கும்.

"உள்ளயும் ஊத்தப் போறேன்" என்றேன்.

அவர் கையில் இருந்த ஜாடியைக் கீழே வைத்தார். "வேணாம் ராவுத்தரே. பெரியவரு வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. எங்கய்யாகிட்டயும் சொல்லியிருக்காரு."

"ஏன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"அப்பறம் என்ன? சரக்கு ரெண்டு பங்கு ஆகுமேன்னு சொல்லியிருப்பாரு. என் மகளுக்கா நான் சரக்கு மிச்சம் புடிக்கணும்?"

"சின்னக் காரணமா இருந்தா சொல்லியிருப்பாரு. சொல்லாம விட்டாரு பாருங்க, அதேன் பயமா இருக்கு." துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, நான் மண்ணப் பத்தித்தேன் பேசலாம். பூச்சு உங்க பாடு."

அவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கலவையை இப்போது எழுதுவதில் தடை ஒன்றுமில்லை. நாட்டு மருந்துக் கடையில் மிருதார்சிங்கி என்று மஞ்சளாக ஒரு கட்டி விற்பார்கள். ஈயத்தைச் சுட்டால் கிடைப்பது அது. அதில் மூன்று பங்கு. வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைப் பாறைக்கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் உதிர்ந்துவிடும். திருகையில் அரைத்த அந்த மாவு ஒரு பங்கு. பச்சை நிறத்துக்குச் செம்புப் பட்டறையில் உதிர்கிற செதில், ஒரு கைப்பிடி. மூன்றையும் அரிசிக் கஞ்சியில் கரைத்து மல்துணியில் இரண்டு முறை வடிக்க வேண்டும். பார்ப்பதற்குச் சாம்பல் விழுந்த மோர் போலத்தான் இருக்கும். சூளையில் வெந்தால்தான் அது என்னவென்று தெரியும்.

வெளியே பூசுவது என் கைக்குப் பழக்கமான வேலை. உள்ளே பூசியதில்லை. ஓர் அகப்பையளவு ஜாடிக்குள் ஊற்றி, சாய்த்து, மெதுவாகச் சுழற்றி, கழுத்துவரை எல்லா இடமும் நனைந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து வடித்தேன். மண் சட்டென்று ஈரத்தைக் குடித்து வெளுத்தது. ஏழுக்கும் ஊற்ற ஒரு பகல் ஆயிற்று. சூளையை மூன்றாம் நாள் பிரித்தபோது ஏழும் ஒன்றுபோல வந்திருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். மழை நின்றபின் குளத்து ஆழம் தெரிவதுபோல அடிவரை பச்சையாகத் தெரிந்தது. என் அத்தா செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது மறைப்பதற்கில்லை.

நிக்காஹ் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பீர் முகமது சொல்லியனுப்பினார்: "வெள்ளைத் துண்ட அடியில போட்டு ஜாடிய வச்சேன். துண்டு இன்னமும் காஞ்சே கெடக்கு. சம்மந்திகிட்ட தோத்துட்டேன்." கடைக்கு வருகிறவர்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்துப் போய் அந்தத் துண்டைக் காட்டினாராம். எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் வருடம் கமருக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்கடுத்த வருடம் நான்காம் மாதத்தில். தொப்புளைச் சுற்றி முறுக்கி இழுக்கும் வலி. முகத்தில் ரத்தமே இல்லை. என் மனைவி அஜீஸுன்னிசா போய் அழைத்துவந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தால் வலி நின்றுவிடும், கன்னத்தில் சற்று நிறம் வரும். திரும்பிப் போய் மூன்று மாதத்தில் பழையபடி படுத்துவிடுவாள்.

"அங்க போனா நோவு, இங்க வந்தா சொகம். அங்க என்னமோ இருக்குங்க" என்றாள் அஜீஸுன்னிசா.

"என்ன இருக்கு? பட்டினி இருக்கு. ஊருக்கெல்லாம் சோறு போடுறவன் வீட்ல மருமகளுக்கு மிச்சம் மீதிதேன் போல."

அதில் பாதி உண்மை. அந்த வீட்டில் மருமகள் கடைசியில்தான் சாப்பிடுவாள். அவள் உட்காரும்போது கறி இருக்காது, வெஞ்சனம் இருக்காது. சோறும் ஊறுகாயும்தான். மாசமாக இருக்கும்போது அந்தப் புளிப்புத்தான் நாக்குக்கும் பிடித்திருந்தது. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் பீர் முகமதுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மகளைப் பட்டினி போடும் வீடு எது என்று ஊர் அறியும்படி செய்வேன் என்று எழுதினேன். பதில் கடிதம் வரவில்லை. பேச்சுத்தான் வந்தது: "அவுக வம்சத்துலயே கோளாறு. தாத்தாவுக்குக் கை வெளங்காம போச்சு, பேத்திக்கு வயிறு வெளங்கல." அன்று நான் சாப்பிடவில்லை.

மூன்றாவது கருவும் போனபிறகு, 1961-இல், அவளை மதுரைக்கு ரயிலில் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தவர், ஜன்னல் பக்கம் திருப்பி மறுபடியும் பார்த்தார்.

"பெரியவரே, இங்க வந்து பாருங்க."

பார்த்தேன். பல்லை ஒட்டிக் கருநீலமாக ஒரு கோடு. என் மகள் வெற்றிலை போடுகிறவள் இல்லை.

"இது ஈயம்" என்றார். "ஒடம்புல ஈயம் ஏறியிருக்கு. அதுதான் ரத்தத்தக் கெடுக்குது, குடலை முறுக்குது. வயித்துல புள்ளையும் தங்காது. இப்படியே போனா மூளைக்கு ஏறி வலிப்பு வரும். வீட்ல யாராச்சும் அச்சாபீஸ்ல வேலை பாக்குறாங்களா? பெயிண்டு வேலை?"

"இல்லை."

"நீங்க என்ன தொழில்?"

"ஜாடி வியாபாரம்."

"ஜாடியா? என்ன பூசுவீங்க அதுக்கு?"

"கல்லு. கஞ்சி. செம்பு."

"ஈயம் உண்டா?"

கமர் என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அவள் பதிலைத் தெரிந்துகொள்வதற்காகவே பார்த்தாள்.

"எங்க வீட்ல அதெல்லாம் கெடையாது" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. ஈயப் பூச்சுல புளிப்பு பட்டா கரைஞ்சு எறங்கும். எங்கேருந்துன்னு தெரிஞ்சா இன்னைக்கே நிறுத்திரலாம்."

"நாலு தலைமுறையாச் செய்றோம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஈறிலும் அந்தக் கோடு பல வருடமாக இருக்கிறது. அதனால்தான் நான் ஓயாமல் வெற்றிலை போடுகிறேன்.

ரயிலில் அவளிடம், "இனிமே ஊறுகாய் தொடாத. ஒடம்புக்குச் சூடு" என்றேன். "சரித்தா" என்றாள். அவள் ஒருநாளும் என்னை ஏன் என்று கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நல்லுசாமியிடம் ஏழு புதிய ஜாடி எடுக்கச் சொன்னேன். வெளியே மட்டும் பூசிச் சுட்டேன். உள்ளே குங்கிலியம். நல்லுசாமி உள்ளே கையை விட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இதற்குள் கமர் வத்தலக்குண்டுக்குப் போய்விட்டாள். அப்பாஸ் வந்து தானே அழைத்துப் போனான். அவளைத் தள்ளிவைக்கச் சொல்லி வீட்டில் பேச்சு நடக்கிறது என்றும், தான் அதற்குச் சம்மதிக்கமாட்டேன் என்றும் என்னிடம் தலை குனிந்து சொன்னான்.

மூன்று மாதம் கழித்து, புதிய ஜாடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போனேன். பழைய கடிதத்தை மறந்தவர் போலப் பீர் முகமது வாசலுக்கு வந்து கையைப் பிடித்தார். முற்றத்தில் ஒரு சீர் ஜாடி, புது ஊறுகாய் போடுவதற்காகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் குனிந்து அதை நிமிர்த்தினேன். வெயில் நேராக உள்ளே விழுந்தது.

கழுத்திலிருந்து நான்கு விரல் கீழேவரை பச்சை அப்படியே மின்னியது. அதற்குக் கீழே மினுமினுப்பு இல்லை. தேய்த்த பாட்டில் கண்ணாடி போல மங்கி, வெளிறி, தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. ஊறுகாய் நிற்கும் மட்டத்தில் கோடு கிழித்ததுபோல இருந்தது. ஐந்து வருடமாக அந்தப் பூச்சு எங்கே போயிற்று என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஜாடியெல்லாம் நிறம் மங்கிப்போச்சு சம்மந்தி" என்றேன். "புதுசு கொண்டாந்திருக்கேன். மாத்திக்கிருவோம்."

பீர் முகமதுவின் முகம் மாறியது. "மாத்துறதா? சீர் ஜாடியவா? சம்மந்தி, என்ன பேசுறீங்க? ஜமாஅத்துல கேட்டா என்ன நெனப்பாக?"

"இது நமக்குள்ள."

"நமக்குள்ள என்ன? வண்டியில ஏத்துறத ஊரே பாக்கும். வத்தலக்குண்டு பூரா இந்த ஜாடி பேச்சுத்தேன். அஞ்சு வருசம், ஒரு சொட்டு வெளிய வரல! நான் ஒரு காலத்துல வாய்த்துடுக்கா பேசுனதுக்கு நீங்க குடுத்த பதிலு இது. என் மக சைதூனை ஆயக்குடியில கட்டிக்குடுத்தப்ப, ஒங்க மக சம்மதத்தோட இதுல ஒண்ணத்தேன் பெருமையா அனுப்பி வச்சேன். பாக்கி ஆறையும் நான் விடுவேனா?"

கதவுக்குப் பின்னால் நின்ற கமர் முக்காட்டை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். மறுபடியும் மாசமாக இருக்கிறாள், மூன்று மாதம் இருக்கும் என்று அவள் நடந்து வந்ததிலேயே தெரிந்தது. தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அத்தா, ஜாடியக் கேக்காதீங்கத்தா. ஜாடிய எடுத்தா என்னயும் எடுத்ததா ஆயிரும். நான் இங்கதேன் இருக்கணும். அவுக என்னய விடமாட்டேன்னு இருக்காக."

"ஊறுகாய் சாப்புடுறியா?"

அவள் ஜாடியின் விளிம்பைத் தடவினாள். பிறகு சிரித்தாள். "இந்த வீட்ல என்னய அம்புட்டுப் பேரும் கொறை சொல்லியாச்சு. ஒங்க ஜாடிய மட்டும் ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. அதத் தொடும்போது மட்டுந்தேன் எனக்குத் தலை நிமிருது."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மிருதார்சிங்கி என்று ஒரு சொல். பீர் முகமது என் எதிரே நின்றார். அவருக்குப் பின்னால் கடையாட்கள் மூன்று பேர் நின்றார்கள். ஜாடிக்கார ராவுத்தர் வீட்டுப் பூச்சில் விஷம் என்று நானே சொன்னால் எங்கள் நான்கு தலைமுறையும் அந்த முற்றத்திலேயே உடைந்துபோகும் என்று நினைத்தேன். என் அத்தாவின் கை விளங்காமல் போனதைப் பற்றி அவர்கள் பேசியதும் சரி என்று ஆகும். புதிய ஜாடிகளில் இரண்டைச் சம்பந்திக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மற்றதை வண்டியிலேயே திருப்பிக்கொண்டு வந்தேன். பீர் முகமது எனக்குப் பிரியாணி போட்டு, கை கழுவத் தானே தண்ணீர் ஊற்றினார். நான் நேராக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆறாம் மாதத்தில் கமருக்கு வலிப்பு வந்தது. ஆள் வந்து சொல்லி நாங்கள் போய்ச் சேரும்போது யாரையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாஸை, "யாரு இவுக?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மஃரிபுக்கு முன் முடிந்துவிட்டது. பிள்ளையும் அவளோடு போயிற்று.

குளிப்பாட்டிய பெண்களில் அஜீஸுன்னிசாவும் இருந்தாள். மறுநாள் காலை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலவையில் என்ன இருக்கிறது என்பதையும், டாக்டர் கேட்டதையும், நான் சொன்னதையும். கேட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு வைக்கிறாள். பேசுவதில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வத்தலக்குண்டில் இரண்டு ஜமாஅத்தும் கூடின. ஓதி முடித்ததும் நான் எழுந்து நின்றேன். என் மகளுக்கு வம்சக் கோளாறு இல்லை, வயிற்றுக் கோளாறும் இல்லை, என் கையால் நான் பூசியதுதான் அவளைக் கொன்றது என்றேன். சான்றுக்காக, வாக்கை மீறி, கலவையை வரிசையாகச் சொன்னேன். மிருதார்சிங்கி மூன்று பங்கு. வெங்கச்சங்கல் ஒரு பங்கு. செம்புச் செதில். கஞ்சி. நான்கு தலைமுறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு காப்பாற்றியதை முப்பது பேர் முன்னால் சொன்னேன். ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. யாரோ விசிறி கொண்டுவந்து எனக்கு வீசினார்கள்.

பீர் முகமது எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! நாங்க அந்தப் புள்ளயப் பேசுன பேச்சுக்கு எங்க மூஞ்சியில காறித் துப்பியிருக்கணும். எங்களத் தலை குனிய விடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறாரே. இதேன்யா குடும்பம்!"

"நான் பொய் சொல்லல."

"ஒக்காருங்க சம்மந்தி. இந்தாப்பா, தண்ணி குடு."

"அந்த ஜாடியில சாப்புடாதீங்க. ஒங்க சம்சாரத்துக்கும் வயித்துவலி இருக்குல்ல?"

"வயசாச்சு, வயித்துவலி வராம என்ன செய்யும்? நாங்களுந்தேன் அஞ்சாறு வருசமாச் சாப்புடுறோம். இந்தா, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன்."

தலைகள் ஆடின. எங்கள் ஜமாஅத்துப் பெரியவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். உட்கார்ந்தேன். செத்த நேரம் கழித்து, "மக ஞாபகமா அந்த ஜாடிகளக் குடுங்க" என்றேன். பொய்தான். உடனே எல்லோர் கண்ணும் கலங்கிவிட்டது. ஆறு ஜாடியையும் வைக்கோல் சுற்றி, அப்பாஸே வண்டியில் ஏற்றினான். உண்மையைக் கேட்டு விசிறி கொண்டுவந்தவர்கள் பொய்யைக் கேட்டு ஜாடியைக் கொடுத்தார்கள்.

ஆறையும் எங்கள் சூளை மேட்டில் உடைத்தேன். எல்லாவற்றிலும் அதே கோடு, அதே மட்டத்தில். நல்லுசாமி தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு வந்து, ஓடுகளை யாரும் எடுத்துப் புழங்காதபடி குழி வெட்டி மூடினார். மூடும் முன், மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த மிருதார்சிங்கிக் கட்டிகளையும் அந்தக் குழியில் போடச் சொன்னேன்.

ஏழாவது ஆயக்குடியில் இருந்தது. மறுநாள் பஸ் ஏறிப் போனேன். பீர் முகமதுவின் மகள் சைதூனின் மாப்பிள்ளை அக்பர் அலி கொய்யாத் தோப்புக் குத்தகைக்காரன். வீட்டு வாசலில் கூடைகள் அடுக்கிக் கிடந்தன. என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தான்.

"வாங்க மாமு. ஏனுங்க இந்த வெயில்ல? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே."

அவன் குரலிலேயே தெரிந்தது. வத்தலக்குண்டில் நடந்தது எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"கமர் ஞாபகமா, அந்த ஜாடி..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் சைதூனே ஜாடியை இடுப்பில் அணைத்தபடி வாசலுக்கு வந்துவிட்டாள். ஏழு மாத வயிறு. ஜாடி முக்கால்வாசி காலியாக இருந்தது.

"எடுத்துக்கங்க மாமு. மதினி கையால போட்ட ஊறுகா இது. எனக்கு இதவிட்டா வேற எதுவும் தொண்டையில எறங்கல. தீந்துருமேன்னு கொஞ்சம் கொஞ்சமாத்தேன் தொட்டுக்கிறேன்" என்று சொல்லி, அழுகையோடு சிரித்தாள்.

சிரித்தபோது பார்த்தேன். கீழ்வரிசைப் பல்லை ஒட்டி, இன்னும் மெல்லியதாக, பென்சிலால் கிழித்தது போல.

"இவள இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன் அக்பர் அலியிடம். "ஒடம்புல ஈயம் ஏறியிருக்குன்னு டாக்டர்கிட்டச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. ஜாடியில இருக்கு."

"சரிங்க மாமு. கூட்டிட்டுப் போறேனுங்க. நீங்க உள்ள வாங்க, செத்த படுங்க."

குழந்தையிடம் சொல்கிற சரி அது. சைதூன் அவனைப் பார்த்தாள், அவன் அவளுக்குக் கண்ணைக் காட்டினான்.

பிறர் வீட்டுப் பெண்ணுக்கு முன்னால் நான் இதுவரை உரக்கப் பேசியதுகூட இல்லை. வெற்றிலையைத் துப்பினேன். சட்டைத் துணியால் பல்லைத் துடைத்தேன். இரண்டு விரலால் என் கீழுதட்டைப் பிடித்துக் கீழே இழுத்து, ஈறு முழுவதும் தெரிய அவர்களுக்குக் காட்டினேன்.

"பாருங்க" என்றேன். உதடு விரலில் இருந்ததால் சொல் சரியாக வரவில்லை. எச்சில் வழிந்தது. "இதே கோடு. அவ வாயிலயும் இருக்கு. பாருங்க."

அக்பர் அலி பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தரையில் கிடந்த கொய்யா இலையைக் காலால் ஒதுக்கினான். மரியாதை தெரிந்த பையன். சைதூன் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"மாமுக்கு மோர் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் உதட்டை விடாமல் நின்றுகொண்டிருந்தேன்.